மூன்றாவது கையின் பிடி

உப்புக் காற்றும் ஓயாத மழையும் இரும்பைத் தின்னும் அந்தமானில், துருப்பிடித்த போல்ட்டுக்கு எதிரான கடைசி ஆயுதம் வைஸ் கிரிப். காப்பாற்றுவதும் அதுதான், தெரியாதவர் கையில் கெடுப்பதும் அதுதான்.

சில நாட்களில் ஒரு மீன்பிடிப் படகைக் கரையிலேயே நிறுத்தி வைக்க, சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத ஒரு போல்ட் போதும். இன்ஜினின் தண்ணீர் பம்பைத் திறக்க வேண்டும். மூடியில் நான்கு போல்ட்டுகள். மூன்று கழன்று வந்துவிடுகின்றன. நான்காவது அசைய மறுக்கிறது. ஸ்பேனர் ஒருமுறை வழுக்குகிறது, இரண்டாம் முறை வழுக்குகிறது, மூன்றாம் முறை போல்ட்டின் ஆறு பட்டைகளும் மழுங்கி உருண்டையாகிவிடுகின்றன. இனி எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. தலை ஒடிந்து, தண்டு உள்ளேயே தங்கிவிட்டால் இன்னும் மோசம். அன்றைய கடல் போச்சு.

போர்ட் பிளேரின் மீன்பிடித் துறையான ஜங்லிகாட்டில் மட்டுமல்ல, தீவுகளில் இன்ஜின் ஓடும் எந்தக் கரையிலும் நடக்கக்கூடிய கதை இது. (2024 செப்டம்பரில் இந்த நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. பட்டறைப் பேச்சில் பழைய பெயர் அவ்வளவு சீக்கிரம் கழன்று விழாது.) இப்படி ஒரு சிக்கலில் மெக்கானிக்கின் கை தானாகவே கருவிப் பெட்டியின் அடியைத் துழாவும். அங்கே கிடப்பது, பார்க்கச் சற்று முரட்டுத்தனமான, பின்புறம் திருகு வைத்த ஒரு குறடு.

ஆங்கிலத்தில் லாக்கிங் பிளையர். பட்டறைக்குப் பட்டறை வைஸ் கிரிப், கிரிப் பிளையர், லாக் பிளையர் என்று பெயர் மாறும். வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் தோளோடு தோள் உரசும் அந்தமானில் பொதுமொழி இந்தி என்பதால், சாதாரணக் குறடு இங்கே 'பிலாஸ்', ஸ்பேனர் 'பானா'. ஆனால் வைஸ் கிரிப் எல்லா மொழியிலும் வைஸ் கிரிப்தான்.

உப்பின் ராஜ்ஜியம்

சென்னையில் துருப்பிடித்த போல்ட் என்பது அரை மணி நேர எரிச்சல். அந்தமானில் அது பல நாள் நஷ்டமாகலாம். காரணம் இரண்டு.

முதலாவது, வானிலை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இந்தத் தீவுகளை நனைக்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை. மழை ஓய்ந்தாலும் காற்றின் ஈரம் வற்றுவதில்லை. அந்த ஈரத்தில் கடல் உப்பும் கலந்திருக்கிறது. உப்பு கலந்த ஈரம் இரும்பின் மேல் படிந்தால் துரு வேகமெடுக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மரைக்குள் துரு ஏறிய நட்டு, யாரோ ஆப்பு வைத்து அடித்ததுபோல இறுகிப் போகிறது.

அலுமினியம் இன்ஜின்களில் விஷயம் இன்னும் சிக்கல். படகின் வெளிப்புற மோட்டார்களின் உடல் அலுமினியம். அதில் முடுக்கப்படும் போல்ட் எஃகு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு வெவ்வேறு உலோகங்கள், நடுவில் உப்பு நீர்: ஒரு பாட்டரிக்கு வேண்டிய எல்லாமே தயார். இந்த பாட்டரியில் கரைந்து போவது அலுமினியம். அது வெள்ளை மாவாக மரைக்குள் அடைத்துக்கொள்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் இருக்கும். துருவே இல்லையே என்று நம்பி பலத்தைக் காட்டுபவர்தான் தலையை ஒடிக்கிறார்.

இரண்டாவது காரணம், தூரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல் வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் பயணம். அபர்தீன் பஜாரில் கிடைக்காத உதிரிப்பாகம் விமானத்திலோ கப்பலிலோதான் வந்தாக வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிகோபாரின் கேம்பல் பேவுக்கு இன்னும் 500 கிலோமீட்டருக்கும் மேல். பருவமழையில் கடல் சீறினால் தீவுகளுக்கிடையிலான கப்பல்களும் நின்றுவிடும். ஒரு போல்ட்டை உடைத்து, அதோடு பம்பின் மூடியையும் விரிசல் விட்டுவிட்டால், படகுக்காரர் பாகத்துக்காகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனவே இங்கே பழுது பார்ப்பதன் முதல் விதி, மேற்கொண்டு எதையும் உடைக்காமல் இருப்பது.

ஒரு கொல்லரின் கண்டுபிடிப்பு

இந்தக் கருவி பிறந்ததும் ஒரு பட்டறையில்தான். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் பீட்டர்சன், நெப்ராஸ்கா மாநிலத்தில் டி விட் என்ற சிற்றூரில் கொல்லர். உலையில் இரும்பை அடிக்கும் கொல்லருக்கு எப்போதும் ஒரு கை குறைவு. ஒரு கை சுத்தியலுக்கு, ஒரு கை பொருளைத் திருப்ப. அழுத்திப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? கடித்த பிடியைத் தானே விடாமல் வைத்திருக்கும் ஒரு குறடு வேண்டும் என்று அவர் முனைந்தார். 1921ல் முதல் காப்புரிமை. பூட்டிக்கொள்ளும் நெம்புகோலுடன் கூடிய வடிவத்துக்கு 1924ல் காப்புரிமை. 'வைஸ் கிரிப்' என்பது அவர் வைத்த பெயர். பட்டறை மேசையில் பொருத்தியிருக்கும் வைஸின் பிடியைக் கைக்குள் அடக்கியது என்று பொருள்.

இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்டும் தளங்களில் தகடுகளைச் சேர்த்துப் பிடித்து வெல்டிங் செய்ய இது பெரிதும் பயன்பட்டது. பிடியை எளிதாக விடுவிக்கும் சிறு நெம்புகோல் 1957ல் சேர்ந்தது. டி விட்டின் தொழிற்சாலை 2008ல் மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போய்விட்டது. ஆனால் கருவி உலகமெங்கும் பரவிவிட்டது. இந்தியாவில் நாசிக்கின் டபாரியா போன்ற நிறுவனங்களின் லாக்கிங் பிளையர்கள் ஹார்டுவேர் கடைகளுக்குப் பழகிப் போனவை. விலை சில நூறு ரூபாய். அதைவிட மலிவாக, பெயரில்லாத சரக்கும் ஏராளம்.

பிடியின் ரகசியம்

அது எப்படிப் பூட்டிக்கொள்கிறது? விடை சமையலறையிலேயே இருக்கிறது. அடுக்கு டிபன் கேரியரின் பக்கவாட்டுக் கொக்கியை நினைத்துக்கொண்டால் போதும். அழுத்தும்போது முதலில் முரண்டு பிடிக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் 'டக்' என்று விழுந்து, தானாகத் திறக்காமல் உட்கார்ந்துகொள்ளும். வைஸ் கிரிப்பிலும் அதே தத்துவம்தான்.

குறட்டின் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு சின்ன இணைப்புத் தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனை கீழ்க் கைப்பிடியோடு கோர்த்திருக்கிறது. மறுமுனை மேல் கைப்பிடிக்குள், பின்புறத் திருகின் நுனியில் முட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பிடிகளை அழுத்த அழுத்த, தண்டும் கீழ்த் தாடையின் அச்சும் ஒரே நேர்கோட்டை நோக்கி வருகின்றன. நேர்கோட்டை நெருங்கும்போது கையின் சிறு அசைவு தாடையில் பன்மடங்கு விசையாக மாறுகிறது. கோட்டை ஒரு மயிரிழை தாண்டியதும் பூட்டு விழுந்துவிடுகிறது. அதன்பிறகு கையை எடுத்தாலும் பிடி தளராது. நிமிர்ந்து நிற்பவரின் முழங்கால் அதிகச் சிரமமில்லாமல் உடலின் எடையைத் தாங்குவதும் இதே கணக்கில்தான்.

பின்புறத் திருகுக்கு இரண்டு வேலை. தாடை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையும் எவ்வளவு இறுக வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. வலப்புறம் திருப்பினால் இறுக்கம், இடப்புறம் திருப்பினால் தளர்வு. இந்த ஒரு திருகைப் புரிந்துகொண்டவருக்குக் கருவி பாதி வசப்பட்டுவிட்டது.

எந்தத் தாடை, எந்த வேலைக்கு?

கடைக்குப் போய் 'ஒரு வைஸ் கிரிப் கொடுங்கள்' என்று கேட்பது, துணிக்கடையில் 'ஒரு சட்டை கொடுங்கள்' என்பதுபோல. ரகங்கள் பல.

வளைந்த தாடை கொண்டதுதான் பட்டறையின் மூத்த பிள்ளை. உருண்டையான தண்டு, குழாய், மழுங்கிய போல்ட் தலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பல இடங்களில் கடிக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதுதான். சிலவற்றில் தாடையின் கழுத்தில் கம்பி வெட்டும் வசதியும் உண்டு. மெல்லிய கம்பிக்கு மட்டுமே அது.

நேரான தாடை தட்டையான பொருள்களுக்கும் சதுரத் தண்டுகளுக்கும். பரப்பு முழுவதும் சமமாக அழுத்தும். நீண்ட மூக்கு ரகம் இன்ஜினின் இண்டு இடுக்குகளுக்கு. உடைந்த காட்டர் பின், ஸ்பிரிங், நழுவிய கிளிப் போன்றவற்றை எட்டிப் பிடிக்கும். பெரிய முறுக்கு வேலைக்கு அதைப் பயன்படுத்தினால் மூக்கு கோணிவிடும்.

'சி' வடிவத் தாடையும் கவட்டை போன்ற வெல்டிங் தாடையும் வெல்டர்களுக்கு. இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் வெல்டரின் கைகள் ஓய்வாக இருக்கும். போர்ட் பிளேரின் பினிக்ஸ் பே கப்பல் பணிமனை போன்ற இடங்களில் நடக்கும் தகடு வேலைகளுக்கு இந்த ரகம்தான் ஏற்றது. அகலமான, பல் இல்லாத தாடை தகடு மடிப்பதற்கு. தகரக் கூரை நிறைந்த தீவுகளில் அதற்கும் வேலை உண்டு. சங்கிலி கோர்த்த ரகம் பெரிய குழாய்களைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்குச் செம்புக் குழாயை நசுக்கி அடைக்கத் தனி ரகம் இருக்கிறது.

அளவில் 5, 7, 10 அங்குலங்கள் வழக்கம். அளவு என்பது குறட்டின் முழு நீளம். 10 அங்குலக் குறட்டின் தாடை ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் வரை திறக்கும், கைப்பிடி நீளம் என்பதால் முறுக்கும் பலமும் அதிகம். படகு, லாரி, ஜெனரேட்டர் வேலைக்கு இது. 7 அங்குலம் இரு சக்கர வண்டிக்கும் வீட்டு வேலைக்கும். 5 அங்குலம் மேசை வேலைக்கு. தீவில் பட்டறை வைத்திருப்பவருக்கு 10 அங்குல வளைந்த தாடை ஒன்று, 7 அங்குல நீண்ட மூக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும்.

கடையில் ஐந்து நிமிடம்

பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது என்பது பாலபாடம். மலிவுச் சரக்கும் பளபளக்கும். ஆராய வேண்டியவை வேறு.

தாடைகளை வெறுமனே சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். பற்கள் நேருக்கு நேர் அமர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் தாடை கோணல். ரிவெட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். புதிதிலேயே ஆடும் குறடு, வேலையில் வழுக்கும். திருகு விரல் நுனியால் சுழல வேண்டும். நடுவில் சிக்கினால் மரை சரியில்லை. அப்புறம் கடைக்காரரிடம் ஒரு போல்ட்டை வாங்கி, தாடையில் பூட்டி, போல்ட்டைச் சுழற்றப் பார்க்க வேண்டும். வழுக்கக் கூடாது. விடுவிக்கும் நெம்புகோலை அழுத்தினால் உடனே திறக்க வேண்டும்.

தாடை, அடித்து வார்த்த குரோம் வனேடியம் போன்ற உலோகக் கலவை எஃகாக இருப்பது நல்லது. உண்மையிலேயே கடினப்படுத்தப்பட்ட பல்லின் மேல் அரத்தைத் தேய்த்தால் அரம் வழுக்கும், சாதாரண இரும்பானால் கடிக்கும். ஆனால் கடைக்குள் அரத்தோடு நுழைபவரை எந்தக் கடைக்காரரும் வரவேற்க மாட்டார். பெயர் பெற்ற தயாரிப்பு, ரசீது, மாற்றிக் கொடுக்கும் உத்தரவாதம் ஆகியவையே அரத்துக்குப் பதில்.

அந்தமான்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முலாம். நிக்கல் அல்லது குரோம் முலாம் சமமாக, உரியாமல் இருக்க வேண்டும். கைப்பிடியின் விளிம்பிலோ ரிவெட்டைச் சுற்றியோ உரிந்திருந்தால், உப்புக் காற்று முதலில் நுழையும் வாசல் அதுவே. கைப்பிடிக்கு ரப்பர் உறை போட்ட ரகங்கள் பிடிக்க இதமானவை. ஆனால் உறைக்கு அடியில் உப்பு நீர் தங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும்.

முதலில் பொறுமை, பிறகு பிடி

அந்த நான்காவது போல்ட்டுக்கு வருவோம். அனுபவமில்லாதவர் செய்வது, உடனே குறட்டைப் பூட்டி முழு பலத்தோடு முறுக்குவது. அனுபவசாலி செய்வது வேறு.

முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவையும் உப்பையும் சுரண்டி எடுப்பார். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை மரையின் வாயில் விடுவார். கடையில் விற்கும் ஸ்பிரே இல்லாவிட்டால் டீசலோ மண்ணெண்ணெயோ, சற்றுத் தாமதமாக என்றாலும், ஓரளவு வேலை செய்யும். பிறகு காத்திருப்பார். ஒரு மணி நேரம் போதாவிட்டால் ஓரிரவு. நடு நடுவே போல்ட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் துரு நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

எண்ணெய்க்கும் மசியாவிட்டால் சூடு. ஒரே வெப்பத்தில் எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். பெட்ரோல் டாங்கும் எண்ணெய் படிந்த துணியும் பக்கத்தில் இருக்கும் படகில் காஸ் சுடரைக் காட்டுவது தற்கொலைக்குச் சமம். ஸ்பிரே அடித்த இடமும் தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட இடங்களில் கொதிக்கும் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சுற்றுவது பாதுகாப்பானது. சுடரின் சூடு அதில் வராது என்றாலும், பல போல்ட்டுகள் அதற்கே இறங்கி வரும்.

இதற்கெல்லாம் பிறகுதான் வைஸ் கிரிப். கைப்பிடிகளை மூடிய நிலையில் திருகைச் சுழற்றி, தாடையின் இடைவெளி போல்ட் தலையின் அளவுக்குச் சரியாக வரும்படி வைக்க வேண்டும். பிறகு கைப்பிடியைத் திறந்து, திருகை வலப்புறமாக ஒரு கால் சுற்றோ அரைச் சுற்றோ கூடுதலாகத் திருப்ப வேண்டும். இப்போது தாடையைப் போல்ட்டின் மேல், அடிப்பாகம் வரை ஆழமாகச் செலுத்தி அழுத்தினால், ஒரு கையின் பலத்தில் 'டக்' என்று பூட்ட வேண்டும். சுலபமாகப் பூட்டினால் இறுக்கம் போதாது, குறடு வழுக்கி மிச்சமிருக்கும் பட்டையையும் வழித்துவிடும். இரண்டு கையும் போட்டு, முட்டி போட்டு அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

அடுத்ததுதான் கைத்திறன். கழற்றும் பக்கமாக ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். இறுக்கும் பக்கமாக லேசாக அசைத்தாலும் பரவாயில்லை. அசைவு தெரிந்ததும் எண்ணெய், மறுபடியும் அசைவு. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே. கீச்சென்று சத்தம் வந்தால் நல்ல சகுனம், துரு நொறுங்குகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ரப்பர்போல் இழுபட்டால் அபாயம். போல்ட் கழலவில்லை, முறுக்கிக்கொண்டு ஒடியப் போகிறது. அங்கே நிறுத்தி, மறுபடியும் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் திரும்புவதே புத்திசாலித்தனம்.

தலை ஏற்கெனவே ஒடிந்து தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு அடியில் பிடிக்க முடியுமோ அவ்வளவு அடியில் பிடிக்க வேண்டும். நுனியில் பிடித்தால் தண்டு வளையும். பிடிக்கத் தண்டே இல்லையென்றால் வைஸ் கிரிப்பின் எல்லை அதோடு முடிந்தது. மேலே ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து கழற்றுவது அடுத்த வழி. வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

செய்யக் கூடாதவை

இவ்வளவு பலமுள்ள கருவியைச் சோம்பேறித்தனம் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். சரியான அளவு ஸ்பேனரைத் தேடுவதற்குப் பதில் எல்லா நட்டுக்கும் வைஸ் கிரிப்பை மாட்டும் பழக்கம், பட்டறைகளின் பரம்பரை வியாதி. அதன் பற்கள் கடிப்பதற்கென்றே வெட்டப்பட்டவை. நல்ல நட்டில் ஒருமுறை பிடித்தால் தழும்பு, நான்கு முறை பிடித்தால் பட்டை போயிற்று. முலாம் உரிந்த அந்தத் தழும்பில்தான் அடுத்த மழைக்குத் துரு குடியேறும். அதாவது, இன்று அவசரத்துக்கு வைஸ் கிரிப்பால் கழற்றிய நல்ல நட்டே, அடுத்த வருடம் வைஸ் கிரிப் இல்லாமல் கழலாத கெட்ட நட்டு.

கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டி முறுக்குவதும், பூட்டவில்லை என்று சுத்தியலால் அடிப்பதும் ரிவெட்டுகளைத் தளர்த்தும். குறட்டையே பிடியாக வைத்துச் சுமையைத் தூக்குவதும் தொங்கவிடுவதும் உயிரோடு விளையாட்டு. பூட்டு அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. கைப்பிடி உலோகம் என்பதால், மின்சாரம் ஓடும் இடத்தில் அதைத் தொடவே கூடாது. ரப்பர் உறை இருந்தாலும் சாதாரண உறை இதத்துக்குத்தான், மின்காப்புக்கு அல்ல. பிரேக் ஹோஸ், எரிபொருள் ஹோஸ் ஆகியவற்றைப் பற்களால் நேரடியாகக் கவ்வினால் உள்சுவர் கிழியும். வெளியே தெரியாத அந்தக் கிழிசல் பின்னொரு நாள் சாலையிலோ கடலிலோ தெரியும்.

பூட்டை விடுவிக்கும்போதும் கவனம் வேண்டும். இறுகப் பூட்டிய கைப்பிடி வில்லைப்போல் துள்ளித் திறக்கும். முகம் தள்ளியும் விரல் விலகியும் இருக்க வேண்டும். ஒடியும் போல்ட்டின் சில்லு கண்ணுக்குத்தான் முதலில் வரும் என்பதால் கண்ணாடி அவசியம்.

காப்பவனையும் காக்க வேண்டும்

அந்தமானில் வைஸ் கிரிப்பின் வேடிக்கை, துருவோடு போராடும் கருவியே துருவுக்கு இரையாவதுதான். படகின் அடியில் கிடந்து இரண்டு மாதம் கழித்து எடுத்தால் திருகு அசையாது, உள் ஸ்பிரிங் அறுந்திருக்கும். வைஸ் கிரிப்பைக் கழற்ற இன்னொரு வைஸ் கிரிப் தேட வேண்டியிருக்கும்.

தடுக்கும் வழி மிகச் சாதாரணமானது. கடல் நீர் பட்ட நாளில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துடைத்து உலர்த்தி, திருகின் மரையில் கிரீஸ், ரிவெட்டுகளிலும் இணைப்புத் தண்டிலும் ஒரு சொட்டு எண்ணெய், மற்ற இடங்களில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பற்களில் மட்டும் எண்ணெய் தேங்கக் கூடாது, வேலையில் வழுக்கும். பற்களில் அடைத்த உலோகத் துகளை பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். பூட்டிய நிலையில் வைக்காமல், திருகைத் தளர்த்தி வைத்தால் ஸ்பிரிங்குக்கும் ஓய்வு. கருவிப் பெட்டி இரும்பாக இருந்தால் அடியில் எண்ணெய்த் துணி விரிப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் ஐந்து நிமிடம். மாலையில் களைத்துப்போனவருக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பெரிய மலை. ஆனால் தீவில் ஒரு கருவி கைவிட்டால், மாற்றுக் கருவி அடுத்த தெருவில் இல்லை.

கடைசிப் போல்ட்

நல்ல பட்டறைக்காரரை அடையாளம் காண, அவர் போல்ட்டை எப்படிக் கழற்றுகிறார் என்று பார்த்தால் போதாது. திரும்ப எப்படி மாட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். வைஸ் கிரிப் கடித்த போல்ட்டை அவர் மறுபடியும் மாட்ட மாட்டார். தூக்கிப் போட்டுவிடுவார். துளையின் மரையைச் சுத்தம் செய்து, புதுப் போல்ட்டை எடுப்பார். கடல் வேலைக்குச் சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட, மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பை அதிகம் தாங்கும். ஆனால் எந்த ரகமானாலும் அலுமினியத்தில் இறங்கும்போது பாட்டரிக் கதை தொடரவே செய்யும். எனவே மரையில், இறுகிப் போகாமல் தடுக்கும் கிரீஸைத் தடவி, சரியான ஸ்பேனரால், அளவோடு முடுக்குவார். இன்ஜினில் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு தேய்ந்திருக்கிறதா என்று ஒரு கண் பார்ப்பார்.

கிரீஸுக்கு ஆகும் செலவு சில ரூபாய். அது மிச்சப்படுத்துவது, அடுத்த பருவத்தில் ஒரு படகு கரையில் நிற்கும் நாட்களை, அந்த நாட்களின் மீனை, அந்த மீனை நம்பியிருக்கும் அடுப்பை. வைஸ் கிரிப் முந்தைய ஆளின் அலட்சியத்தைத் திருத்துவதற்காகப் பெட்டியில் இருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்த மெக்கானிக்கின் பெட்டியில் அது எண்ணெய் தடவிய துணிக்குள் சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்தால், அந்தப் பட்டறையில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.